வேலி உயரமானால் உரிமையும் கூடுமா? ஸ்காபரோப் பிள்ளைகளும் பொலிஸ் பதிவும்

மார்க்கம், ஏஜக்ஸ், பிக்கரிங் பக்கம் வீடு வாங்கிப் போன எங்கட ஆட்களின் தெரு வட்ஸ்அப் குழு ஏதாவது ஒன்றைத் திறந்து பாருங்கள். வாரத்துக்கு ஒரு படமாவது இருக்கும். வாசல் மணிக் கமராவில் விழுந்த படம். இரவு பதினொரு மணி, ஹூடி போட்ட ஒரு பெடியன், டிரைவ்வேயில் நிற்கிறான். கீழே வரிசையாகப் பதில்கள். "ஆருக்காவது ஆளைத் தெரியுமோ?" "பொலிசுக்கு அடிச்சுச் சொல்லுங்கோ." "எங்கட ஏரியா ஆள் மாதிரித் தெரியேல்லை." அவன் கார் எடுக்க வந்தவனா, சாப்பாட்டுப் பார்சலை வீடு மாறிக் கொண்டு வந்தவனா என்று பிறகு யாரும் எழுதுவதில்லை.

அந்தப் பயத்தை நான் பகிடி பண்ணவில்லை. கார்த் திருட்டு இந்தப் பக்கம் எவ்வளவு கூடியது என்று இன்சூரன்ஸ் பில் கட்டுகிற எல்லாருக்கும் தெரியும். சாவிக்காக ஆட்கள் வீட்டுக்குள்ளேயே புகுந்த செய்திகளைப் படித்துவிட்டு, மேல்மாடியில் பிள்ளைகள் நித்திரை கொள்ளும் வீட்டில் நிம்மதியாக இருக்க ஏலாது. "பொலிஸ் இன்னும் கூட வரட்டும், சந்தேகமான ஆட்களை மறிச்சுக் கேக்கட்டும்" என்று சொல்பவர்களில் பாதிப் பேர் என் சொந்தக்காரர், நண்பர்கள்.

ஆனால் இந்தப் படங்களைப் பார்க்கும்போது ஒன்று உறுத்தும். இருபத்தைந்து வருசத்துக்கு முன்னால், அந்த ஹூடிக்குள் இருந்தது எங்கட பெடியன்கள்.

1990களின் இரண்டாம் பாதியில் ஸ்காபரோவில் வளர்ந்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. வி.வி.ரி., ஏ.கே. கண்ணன் என்ற இரண்டு தமிழ்க் கும்பல்களின் பெயர்கள் ஆங்கிலப் பத்திரிகைகளில் அடிக்கடி வந்த காலம். டோனட் கடை வாசலிலும் மண்டப வாசலிலும் அடிதடி, வாள்வெட்டு, துப்பாக்கிச் சூடு. கும்பலோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத பிள்ளைகளும் செத்தார்கள். ரொறன்ரோ பொலிஸ் தமிழ்க் கும்பல்களுக்கென்றே ஒரு தனிப் பிரிவை வைத்திருந்தது. என் வயதுக்காரர் அப்போது சின்னப் பிள்ளைகள். எங்களுக்கு மூத்த அண்ணாமார்தான் மோலிலும் பஸ் தரிப்பிலும் மறிக்கப்பட்டவர்கள். நாலு தமிழ்ப் பெடியன்கள் சேர்ந்து நின்றால் அது கும்பல். ரியூஷன் முடிந்து வீட்டுக்குப் போகிறவனையும் அப்படித்தான் பார்த்தார்கள்.

அப்போது எங்கட அம்மா அப்பாமார் என்ன சொன்னார்கள்? பெரும்பாலும், "பொலிஸ் நிக்கட்டும், நல்லதுதானே." அதில் பிழை சொல்லமுடியாது. ஊரில் ஆமியும் சென்றியும் ஐடி கார்ட்டுமாக வாழ்ந்து வந்தவர்களுக்கு, மரியாதையாகப் பெயர் கேட்டு எழுதிக்கொண்டு போகிற பொலிஸ்காரன் ஒரு பிரச்சினையாகவே தெரிந்திருக்காது. பெயர் எழுதினால் அது எங்கே போகும் என்பதைப் பற்றி அவர்கள் யோசிக்கவில்லை. யோசித்திருக்க வேண்டியது அதைத்தான்.

2001 ஒக்டோபரில் பொலிசும் குடிவரவு அதிகாரிகளும் சேர்ந்து நாற்பதுக்கும் மேற்பட்ட தமிழ் இளைஞர்களைக் கைது செய்தார்கள். அதில் உண்மையான குற்றவாளிகளும் இருந்தார்கள், மறைக்கவில்லை. ஆனால் கனடாவின் குடிவரவுச் சட்டத்தில் 37ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. குடியுரிமை இல்லாத ஒருவர் குற்றக் கும்பலின் உறுப்பினர் என்று "நம்புவதற்கு நியாயமான காரணம்" இருந்தாலே போதும், நாட்டைவிட்டு அனுப்பும் நடவடிக்கையைத் தொடங்கலாம். நீதிமன்றத்தில் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை, அந்த உறுப்புரிமைக்காகத் தண்டனை பெற்றிருக்கவும் வேண்டியதில்லை. இப்படிப்பட்ட வழக்கில் யார் யாரோடு நின்றார், எந்தக் காரில் இருந்தார் என்ற பொலிஸ் குறிப்புகளுக்கு எவ்வளவு பாரம் வரும் என்று யோசித்துப் பாருங்கள். மரியாதையாகப் பெயர் கேட்டு எழுதிய துண்டு, போர் நடந்துகொண்டிருந்த நாட்டுக்கு விமானம் ஏற்றும் கோப்பில் ஒரு பக்கமாகலாம்.

இனி "காடிங்" கதைக்கு வருகிறேன். 2005 ரொறன்ரோவில் துப்பாக்கி ஆண்டு. அந்த வருசம் மட்டும் 52 பேர் சுடப்பட்டு இறந்தார்கள். கிறிஸ்மஸுக்கு அடுத்த நாள் யங் தெருவில், கடைக்குப் போன 15 வயது மாணவி ஒருத்தி குறுக்கே அகப்பட்டுச் செத்ததோடு நகரம் முழுக்கக் கொதித்தது. 2006 இல் ராவிஸ் என்ற பொலிஸ் திட்டம் தொடங்கியது. குற்றம் கூடிய பகுதிகளுக்கு விசேட அணிகளை அனுப்புவது, தெருவில் நிற்கிறவர்களோடு "பேசுவது", பேசியதைக் கார்டில் எழுதிக் கணினியில் ஏற்றுவது. பெயர், பிறந்த திகதி, நிறம், உயரம், உடுப்பு, எங்கே, யாரோடு. குற்றம் எதுவும் நடந்திருக்க வேண்டியதில்லை. இப்படி லட்சக்கணக்கான பதிவுகள் சேர்ந்தன. அவற்றில் கறுப்பின இளைஞர்கள் அவர்களின் சனத்தொகைப் பங்கைவிட எவ்வளவோ கூட என்பதை ரொறன்ரோ ஸ்டார் பத்திரிகை பொலிசின் சொந்த டேட்டாவை எடுத்தே காட்டியது. மண்ணிறத் தோல்க்காரர் அதற்கு அடுத்த நிலை. எங்கட பெடியன்களும் அந்தக் கூட்டத்துக்குள்தான் அடக்கம்.

எனக்கு டேட்டாபேஸ்தான் சோறு போடுகிறது. அந்தக் கண்ணால் இதைக் கொஞ்சம் பாருங்கள். ஒரு கற்பனைக் கணக்கு. இரண்டு தெருக்கள். ஒன்றில் தொடர்மாடிகள், மற்றதில் இரட்டைக் கராஜ் வீடுகள். இரண்டிலும் நூறு இளைஞர்களில் பத்துப் பேர் பொக்கெட்டில் கஞ்சா வைத்திருக்கிறார்கள் என்று வையுங்கள் (2018 ஒக்டோபருக்கு முந்திய கணக்கு இது, இப்போது அது சட்டப்படி கடையில் விற்கும் சாமான்). முதல் தெருவில் ஐம்பது பேரை மறித்தால் ஐந்து பேர் அகப்படுவார்கள். இரண்டாம் தெருவில் யாரையும் மறிப்பதில்லை, அகப்படுவதும் இல்லை. வருசக் கடைசியில் வரைபடத்தில் ஒரு தெரு சிவப்பு, மற்றது வெள்ளை. அடுத்த வருசம் அணிகளை எங்கே அனுப்புவார்கள்? சிவப்புக்கு. அங்கே இன்னும் கூட அகப்படும். "பாருங்கோ, டேட்டாவே சொல்லுது" என்பார்கள். டேட்டா சொல்வது பொலிஸ் எங்கே தேடியது என்பதைத்தான். இதையே கணினி நிரலாக்கி, குற்றம் எங்கே நடக்கும் என்று முன்கூட்டியே சொல்லும் பிரெட்போல் மென்பொருளை லொஸ் ஏஞ்சல்ஸ் பொலிஸ் பல வருசம் வைத்திருந்து 2020 இல் கைவிட்டது. என் துறைக்காரர் இதை விற்கும்போது "கணிதத்துக்கு நிறம் தெரியாது" என்பார்கள். உள்ளே ஊற்றும் தரவுக்கு நிறம் இருந்தால், கணிதத்துக்குத் தெரியாமல் இருப்பது ஒரு உதவியும் செய்யாது.

இன்னொன்று, "யாரோடு" என்ற அந்தக் கட்டம். உங்கள் மகன் பாஸ்கட்போல் விளையாடிவிட்டு நாலு பேரோடு வருகிறான். நாலு பெயரும் ஒரே நேரம் பதிவாகிறது. அதில் ஒருவன் மூன்று வருசம் கழித்து ஏதோ ஒரு வழக்கில் மாட்டுகிறான். தேடினால் உங்கள் மகன் அவனுடைய "கூட்டாளி". உங்கள் மகனுக்கு அவனுடைய முழுப் பெயரே தெரியாமல் இருக்கலாம்.

சரி, இதெல்லாம் ஒரு பக்கம். மறுபக்கம் உண்மையான துப்பாக்கிகள் இருக்கின்றன. உரிமை பற்றிக் கதைக்கிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நழுவப் பார்ப்பார்கள், நான் நழுவ விரும்பவில்லை. அதற்காக இரண்டு ரொறன்ரோ வழக்குகளைச் சொல்கிறேன். இரண்டும் உச்ச நீதிமன்றம் வரை போனவை, இரண்டிலும் குண்டு ஏற்றிய துப்பாக்கி அகப்பட்டது.

முதலாவது கிராண்ட் வழக்கு. 2003 நவம்பர், கிரீன்வுட் அவெனியூ, பக்கத்தில் பள்ளிக்கூடங்கள். 18 வயது இளைஞர் நடந்து போகிறார். சீருடைப் பொலிஸ்காரர் ஒருவர் வழியை மறித்துக் கேள்வி கேட்கிறார், சிவில் உடையில் இன்னும் இரண்டு பேர் வந்து பின்னால் நிற்கிறார்கள். உன்னிடம் இருக்கக்கூடாதது ஏதாவது இருக்கிறதா என்று கேட்க, கடைசியில் துப்பாக்கியைச் சொல்லிவிடுகிறார். 2009 இல் உச்ச நீதிமன்றம் சொன்னது: கைவிலங்கு போடாவிட்டாலும், அந்தச் சூழலில் யாராயிருந்தாலும் போகமுடியாது என்றுதான் நினைத்திருப்பார்கள். அதனால் அது தடுத்து வைத்தல், அதுவும் காரணமில்லாத தடுத்து வைத்தல், உரிமை மீறப்பட்டது. ஆனாலும் துப்பாக்கியைச் சாட்சியமாக ஏற்றுக்கொண்டது. பொலிஸ் வேண்டுமென்றே மோசமாக நடக்கவில்லை, அந்த நேரத்தில் சட்டமும் தெளிவாக இருக்கவில்லை என்பது காரணம்.

இரண்டாவது லீ வழக்கு. 2012 மே, இரவு பத்தரை தாண்டிய நேரம், ஒரு கூட்டுறவு வீட்டுத் தொகுதியின் பின்வளவு. ஐந்து இளைஞர்கள் கதைத்துக்கொண்டு நிற்கிறார்கள். நாலு பேர் கறுப்பினத்தவர், ஒருவர் ஆசிய இனத்தவர், அவர்தான் லீ, வயது 20. அந்த வீடு பிரச்சினையான இடம் என்று காவலாளிகள் சொன்னதைக் கேட்டு மூன்று பொலிஸ்காரர் உள்ளே நுழைகிறார்கள். ஆணை இல்லை, அனுமதி கேட்கவும் இல்லை, ஒருவர் குட்டையான வேலியைத் தாண்டியே வருகிறார். யார் நீங்கள், ஐடியைக் காட்டு, கையைத் தெரிகிற மாதிரி வை. லீயிடம் பையில் என்ன என்று கேட்டதும் அவர் ஓடுகிறார், பிடிபடுகிறார். துப்பாக்கி, கொக்கெய்ன், காசு. 2019 மே 31 அன்று உச்ச நீதிமன்றம் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் அந்தச் சாட்சியங்களை ஒதுக்கி, அவரை விடுதலை செய்தது.

முதல் தடவை இதை வாசித்தபோது என் மனம் ஒத்துக்கொள்ளவில்லை. குண்டு ஏற்றிய துப்பாக்கியோடு நின்றவனை விடுவதா? அந்த வீட்டுத் தொகுதியில் பிள்ளைகளோடு இருக்கும் தாய்க்கு என்ன பதில்? மாறுபட்ட இரண்டு நீதிபதிகளும் துப்பாக்கியைச் சாட்சியமாக ஏற்கத்தான் வேண்டும் என்றார்கள்.

பெரும்பான்மைத் தீர்ப்பை முழுக்க வாசித்த பிறகு, அவர்கள் கேட்ட கேள்வி வேறு என்று விளங்கியது. குற்றம் கூடின பகுதி என்ற பெயரோ, பொலிஸ் அடிக்கடி வந்துபோகும் இடம் என்பதோ, உயரமான வேலியும் குறைந்த குற்றமும் உள்ள பகுதியில் செய்யத் துணியாததை இங்கே செய்ய அனுமதி தராது என்று எழுதியிருக்கிறார்கள். ஒரே கிழமையில் பலமுறை மறிக்கப்பட்டு வளர்ந்த சிறுபான்மை இளைஞன், பொலிஸ் உள்ளே வந்த கணத்திலேயே தன்னால் போகமுடியாது என்றுதான் உணர்வான், அதையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்றார்கள். பின்வளவில் பார்பெக்யூ போட்டுக்கொண்டிருக்கும்போது உங்கள் மார்க்கம் வீட்டுக்குள் மூன்று பொலிஸ்காரர் வேலி தாண்டி வந்து ஐடி கேட்டால் என்ன செய்வீர்கள்? அடுத்த நாளே லோயருக்கு அடிப்பீர்கள். அந்தக் கூட்டுறவு வீட்டுக்காரரிடம் அந்தத் தைரியம் இருக்காது என்ற நினைப்பில்தான் வேலி தாண்டப்பட்டது. அந்த ஒரு துப்பாக்கி அகப்பட்டது என்பதை வைத்து முழுக் கதையையும் சொல்லமுடியாது. அகப்படாத இரவுகள் நீதிமன்றத்துக்கு வருவதே இல்லை.

அகப்படாத இரவுகளைப் பற்றி நியூயோர்க்கில் எண்ணிக்கை இருக்கிறது. அங்கே 2011 இல் மட்டும் சுமார் 6,85,000 தடவை தெருவில் மறித்தார்கள். 2013 இல் நீதிபதி ஷிரா ஷெய்ன்ட்லின் அதை அரசியலமைப்புக்கு முரணாக நடத்தினார்கள் என்று தீர்ப்புச் சொன்னபோது வெளிவந்த கணக்கு இது: மறிக்கப்பட்ட நூறு பேரில் 88 பேருக்கு எந்த நடவடிக்கையும் இல்லை. உடம்பு தடவிச் சோதித்தவர்களில் ஆயுதம் அகப்பட்டது நூற்றுக்கு ஒன்றரைப் பேரிடம். மறிப்பது பல மடங்கு குறைந்தது. கொலை கூடும் என்று பயமுறுத்தினார்கள். 2011 இல் 515 ஆக இருந்த கொலைகள் 2017 இல் 300க்குக் கீழே வந்தன.

ரொறன்ரோவில் கதை அவ்வளவு வசதியாக இல்லை, அதையும் சொல்லவேண்டும். இங்கே 2015 தொடக்கத்தில் காடிங் நிறுத்தப்பட்டது. 2018 இல் 96 கொலைகள், நகர வரலாற்றில் அதுவரை இல்லாத எண்ணிக்கை. "கார்டை நிப்பாட்டினதாலதான்" என்று பலர் சொன்னார்கள். அந்த வருசம் யங் தெருவில் வான் ஏற்றிக் கொன்ற பத்துப் பேரும் அந்த எண்ணிக்கையில் அடக்கம், அதைக் கழித்தாலும் சூடுகள் கூடியது உண்மை. ஆனால் 2019, 2020 இல் கொலைகள் மீண்டும் இறங்கின, காடிங் திரும்பி வரவில்லை. நீதிபதி மைக்கல் ரலக் மாகாணம் முழுக்க ஆய்வு செய்து 2018 கடைசியில் முடித்த அறிக்கையில், காரணமில்லாமல் எழுந்தமானமாக மறித்துப் பெயர் எழுதுவதால் குற்றம் குறைந்ததற்கோ கைது கூடியதற்கோ காட்டக்கூடிய பலன் கிட்டத்தட்ட இல்லை, கைவிடுங்கள் என்று எழுதினார். அதேநேரம், குறிப்பிட்ட காரணத்தோடு ஒரு குறிப்பிட்ட ஆளை மறித்து விசாரிப்பதை அவர் தடுக்கச் சொல்லவில்லை. இந்த வித்தியாசத்தை எங்கட வட்ஸ்அப் விவாதங்களில் யாரும் பிடிப்பதில்லை.

தமிழ்க் கும்பல்கள் எப்படி அடங்கின என்பதும் இதில் ஒரு பாடம். பெயர் தெரிந்த ஆட்களைப் பின்தொடர்ந்து, வழக்குக் கட்டிய விசாரணை ஒரு பக்கம். அதற்கும் முதலே, 1998 இல், எங்கட இளைஞர்களே கனேடியத் தமிழ் இளைஞர் மேம்பாட்டு மையம் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ப் பெடியன்களோடு கதைத்தார்கள். பஸ் தரிப்பில் நின்ற ஆயிரம் பேரின் பெயரை எழுதியதால்தான் அது அடங்கியது என்று சொல்ல நான் எந்த ஆதாரத்தையும் காணவில்லை.

பெற்றோர் கூட்டங்களில் கட்டாயம் கிளம்பும் பள்ளிக்கூடப் பொலிஸ் விசயத்தில் மட்டும் எனக்கு இன்னும் தெளிவில்லை. 2007 இல் ஒரு 15 வயது மாணவன் பள்ளிக்கூடத்துக்குள்ளேயே சுடப்பட்டு இறந்தான். 2008 இல் ரொறன்ரோ உயர்பள்ளிகளுக்குப் பொலிஸ்காரரை அனுப்பத் தொடங்கினார்கள். 2017 இல் பொதுப் பள்ளிச் சபை மாணவர்களிடம் கருத்துக் கேட்டது. பாதிக்கும் மேற்பட்டவர்கள் பாதுகாப்பாக உணர்வதாகச் சொன்னார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பயமாக இருக்கிறது என்றார்கள். அந்த நவம்பரில் சபை திட்டத்தை நிறுத்தியது. வாக்கெடுப்பாகப் பார்த்தால் அது பிழையான முடிவு. பயந்து பயந்து வகுப்புக்கு வருகிற அந்த ஆயிரம் பேரில் ஒருவரின் அப்பாவாகப் பார்த்தால் சரியான முடிவு. இரண்டில் எந்த அப்பாவாக நான் இருப்பேன் என்பது, எந்தத் தபால் குறியீட்டில் வீடு வாங்கினேன் என்பதைப் பொறுத்திருக்கிறது என்பதுதான் என்னைக் குடைகிறது.

ஒன்ராறியோவில் இருக்கும் பெற்றோருக்கு, பிள்ளைகளோடு கதைக்க உதவும் சில விசயங்கள். 2017 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, குறிப்பிட்ட குற்றம் எதையும் விசாரிக்காமல் பொலிஸ் உங்கள் அடையாளத்தைக் கேட்டால், ஏன் கேட்கிறார்கள் என்று சொல்லவேண்டும், சொல்ல வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை என்பதையும் சொல்லவேண்டும். இனம் காரணமாக இருக்கக்கூடாது. குற்றம் கூடிய இடத்தில் நிற்கிறாய் என்பது மட்டும் காரணமாக முடியாது. பதில் சொல்ல மறுத்தான் என்பதும் காரணமாகாது. அதிகாரியின் பெயரும் இலக்கமும் உள்ள துண்டு ஒன்றைத் தருவதாகச் சொல்லவேண்டும், பிள்ளை அதைக் கேட்டு வாங்கட்டும். கார் ஓட்டும்போது இது பொருந்தாது. லைசென்ஸ், ஓனர்ஷிப், இன்சூரன்ஸ் கேட்டால் காட்டித்தான் ஆகவேண்டும். ஓடக்கூடாது, கை தள்ளக்கூடாது, பொய்ப் பெயர் சொல்லக்கூடாது. "நான் போகலாமா?" என்று சத்தம் போடாமல் கேட்கப் பழக்குங்கள். மகளோடும் கதையுங்கள், மகனோடு மட்டுமில்லை.

பள்ளிப் பயிற்சிக்கும் தொண்டு வேலைக்கும் கேட்கும் பொலிஸ் செக் பற்றிப் பலர் பயப்படுகிறார்கள். 2018 நவம்பரில் நடைமுறைக்கு வந்த மாகாணச் சட்டம், தண்டனை இல்லாத பொலிஸ் தொடர்புகளை அதில் வெளியிடுவதை நன்றாகக் குறைத்துவிட்டது. வெளியே காட்டாவிட்டாலும் பதிவு உள்ளே இருக்கலாம். அதைப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. உங்கள் நகரத்துப் பொலிசிடம் தகவல் சுதந்திரச் சட்டத்தின் கீழ் உங்களைப் பற்றிய பதிவுகளைக் கேட்கலாம். விண்ணப்பக் கட்டணம் 5 டொலர், பதிலுக்குப் பொதுவாக 30 நாள். 16 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்காகப் பொறுப்பிலுள்ள பெற்றோர் கேட்கலாம். பதிவு பிழை என்றால் திருத்தும்படி எழுதலாம். அவர்கள் திருத்த மறுத்தால், உங்கள் மறுப்பையும் அந்தக் கோப்போடு இணைக்கச் சொல்லிக் கேட்கலாம்.